எட்டாவது பூ

மிக்கேல்துறைக் கடைத்தெருவில் பூக்கடை வைத்திருந்த பிரகாசியின் கையில் பூக்கள் பொய்க் கணக்கில் நிற்காது என்று ஊருக்குத் தெரியவருவதற்கு முன்னால், அவளுக்கும் ரஷ்யக்காரிகளுக்கும் நடுவே இருந்த ஒரே வம்பு கொசுறு வம்புதான். ஊருக்குக் கிழக்கே இரண்டு மைல் தள்ளி மின் நிலையம் கட்ட வந்த ரஷ்யக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு குடியிருந்தார்கள். வந்து பல வருஷமாகிவிட்டதால் மீன் விற்கிறவர்களுக்கும் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கும் அவர்கள் பாஷையில் பேரம் பேசத் தெரியும், திட்டவும் தெரியும், திட்டத்தான் கொஞ்சம் நன்றாகத் தெரியும். அந்தப் பெண்கள் பிச்சிப்பூவை முழம் போட்டு வாங்கமாட்டார்கள், காம்பு நீண்ட ரோஜாவை எண்ணித்தான் வாங்குவார்கள். ஸோயா என்ற பெண் முதல் முதலாக ஐந்து ரோஜா கேட்ட அன்று, கொசுறு போடாத கை கையே அல்ல என்று வளர்ந்த பிரகாசி, ஆறாவதாக ஒன்றைச் சிரித்துக்கொண்டே செருகிக் கொடுக்க, ஸோயா சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

"அஞ்சு, உயிர்," என்றாள் ஸோயா, அப்போது தெரிந்த நாலு வார்த்தைத் தமிழில். "ஆறு, சாவு."

ஒற்றைப்படைப் பூ உயிரோடிருப்பவர்களுக்கு, இரட்டைப்படைப் பூ செத்தவர்களுக்கு என்பது அவர்கள் ஊர் வழக்கம் என்று பிரகாசிக்குப் புரிய அரை மணி நேரமானது. புரிந்ததும், "அதுக்கு ஏன் மக்ளே மூஞ்சியத் தூக்குத, ரெண்டு கொசுறாப் போட்டாப் போச்சு," என்று ஏழாகக் கொடுத்து அனுப்பினாள். அன்றிலிருந்து ரஷ்யக்காரிகளுக்கு மட்டும் கொசுறு இரண்டு என்பது கடைத்தெருச் சட்டமாயிற்று, மற்றவர்கள் அதைச் சொல்லிக் கொஞ்சநாள் புலம்பினார்கள்.

அப்புறம் அந்த நாட்டில் போர் வந்தது. போர் தொடங்கி இரண்டாவது வருஷம், குடியிருப்பின் சமையல்கூடத்தில் வேலை பார்த்த லரீஸா, படையிலிருந்த தன் மகனின் பிறந்தநாளுக்கு அவன் படத்துக்குமுன் வைக்க ஏழு பூ கேட்டு வந்தாள். படத்தைக் கைபேசியில் காட்டவும் செய்தாள், பெற்றவள் அல்லவா. பிரகாசி அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு ஏழு எண்ணி, வாழைநாரால் கட்டி, கொடுக்கப் போகும்போது பார்த்தால் எட்டு இருந்தது. ஒன்றை உருவி வாளியில் போட்டுவிட்டுத் திரும்ப எண்ணினாள், ஏழு இருந்தது, நாரைச் சுற்றினாள், எட்டு இருந்தது. லரீஸா எண்ணினாள், எட்டு. எதிரே டீக்கடை வைத்திருந்த லூர்தையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து எண்ணினார், எட்டு. ஒன்பதாம் நாள் லரீஸாவின் ஊரிலிருந்து செய்தி வந்தது. மகன் செத்தது பிறந்தநாளுக்கு மூன்று நாள் முந்தி.

அதற்குப் பிறகு மிக்கேல்துறைக்காரர்கள் யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. கடலோரத்தில் பிழைப்பவர்களுக்கு ஆச்சரியப்பட நேரம் கிடையாது, இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் போதும் என்று பார்த்தார்கள். பக்கத்துக் கடைப் பெண்கள் எண்ணிப் பார்த்தார்கள், அவர்கள் கையில் பூ பூவாகத்தான் இருந்தது. லூர்தையா தன் அப்பாவின் பெயரைச் சொல்லி எண்ணச் சொன்னார், ஏழு ஏழாகவே நின்றது. "எங்கப்பன் பொட்டிக்குள்ள கெடந்ததை ஊரே பாத்துச்சு. தெரிஞ்சதத் திருப்பிச் சொல்ல அதுக்கென்ன தலையெழுத்தா," என்று அவரே தீர்ப்பும் சொன்னார். தீர்ப்பு சரியாகத்தான் இருந்தது. லரீஸா பித்துப் பிடித்தவளாக மறுபடி ஒரு தடவை எண்ணச் சொன்னபோது பூக்கள் ஏழாகவே நிற்க, மகன் பிழைத்துவிட்டான் என்று அவள் ஒரு பகல் முழுக்கத் தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள், மறுநாள் அவனுடைய சவப்பெட்டி அவளுடைய ஊருக்கு வந்து சேர்ந்தது. செத்தவனைப் பூ ஒரு தடவைதான் சொல்லும் என்று அப்படித்தான் தெரிந்தது, அந்த மிட்டாயைத் தின்றவர்கள் பல நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொரு விதியைத் தெரிந்துகொண்டது அதைவிடப் பொல்லாத விதத்தில். ஆந்த்ரேய் என்று பெயருள்ள இரண்டு பிள்ளைகளின் தாய்மார் இருவர் ஒரே நேரத்தில் வந்து இரண்டு படங்களையும் காட்ட, அவசரப்பட்ட தாய்க்கு முதலில் எண்ணினாள் பிரகாசி. ஆனால் மற்ற ஆந்த்ரேயின் காது பிரகாசியின் தம்பியுடைய காது மாதிரி விடைத்துக்கொண்டிருந்ததால் அந்த முகமே மனதில் நின்றுவிட்டது. பூ எட்டானது. அவசரப்பட்டவள் தெருவில் விழுந்து புரண்டாள், மற்றவள் அவளை மடியில் போட்டுத் தேற்றினாள். மறுநாள் காலை விழுந்தவளின் மகன் ஏதோ மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் பேசினான். அப்படியானால் அந்த எட்டு யாருக்கு என்று தேற்றியவளுக்குப் புரிந்தபோது அவளைத் தேற்ற ஆள் இல்லை. வாய் சொல்கிற பெயருக்கு அல்ல, எண்ணுகிறவள் மனதில் இருக்கிற முகத்துக்குத்தான் பூ பதில் சொல்கிறது என்பது அன்று தெரிந்தது. பிரகாசி அன்றைக்குச் சோறு தின்னவில்லை. அதற்கப்புறம் ஒரு ஜெபம் சொல்லி முடிக்கிற நேரமாவது படத்தைப் பார்க்காமல் அவள் ஒரு காம்பைக்கூடத் தொட்டதில்லை.

சேதி பரவியது, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. குடியிருப்பிலிருந்து வந்தார்கள், பிறகு கைபேசி வழியாக அந்த நாட்டிலிருந்தே முகங்கள் வந்தன, தொப்பி வைத்த முகங்கள், மீன் பிடித்துத் தூக்கிக் காட்டும் முகங்கள், கல்யாணத்தில் குடித்துச் சிவந்த முகங்கள். லூர்தையா காத்திருப்பவர்களுக்கு இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டார். ஆட்டோக்காரர்கள் பூவோடு வருகிறவர்களிடம் ஏழா எட்டா என்று கேட்காமல், கட்டைப் பார்த்தே எண்ணிக்கொண்டு, எட்டென்றால் பாட்டை நிறுத்தி மெதுவாக ஓட்டினார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் பிரகாசியிடம் எண்ணி வாங்கப் பயந்து எடைபோட்டு வாங்கினார்கள். பங்குச்சாமியாரிடம் இது ஆண்டவர் செய்த புதுமையா பாவமா என்று கேட்டதற்கு, ஆயருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்றார். ஆயர் இன்றுவரை பதில் போடவில்லை, அவருக்கும் பயம் இருக்கும்.

ஸோயா அதுவரை பூ வாங்க வந்தவள், இப்போது நோட்டோடு வந்தாள். அவள் ஊரில் புள்ளிவிவர அலுவலகத்தில் இருந்தவள். இங்கே வெல்டிங் மேற்பார்வை பார்க்கிற புருஷனுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, முகம் தெரியாத பல நாட்டுத் தோழர்களோடு சேர்ந்து செத்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். கிராமத்துப் பள்ளிக்கூடங்கள் பழைய மாணவனுக்கு வெளியிடும் அஞ்சலி, இடுகாட்டில் புதிதாக முளைத்த சிலுவைகளின் படம், யாரோ ஒரு அத்தை எழுதிய இரண்டு வரி என்று தேடித் தேடிக் கோப்பாள். ஒரு பெயருக்கு இரண்டு ஆதாரம் கிடைத்தால்தான் எழுதுவாள், எழுதியது இணையத்தில் எல்லோரும் பார்க்க வெளிவரும். சிப்பாய்களுக்கு ஒரு நோட்டு. எல்லையோரத்தில் அவளுடைய ஊரில் குண்டு விழுந்து சந்தையிலும் பேருந்து நிறுத்தத்திலும் செத்த சனங்களுக்கு இன்னொரு நோட்டு. உருளைக்கிழங்கு விற்றவள், பல் பிடுங்கப் போனவன், நாயைக் கூட்டிக்கொண்டு போன கிழவர் எல்லோரும் அதில் இருந்தார்கள்.

"உங்க அரசாங்கம் எண்ணாதா?" என்று பிரகாசி ஒருநாள் கேட்டாள்.

"எண்ணும் அக்கா. சொல்லாது," என்றாள் ஸோயா. ஒன்பது வருஷத்தில் அவளுடைய தமிழ் கடைத்தெருத் தமிழாகத் தேறியிருந்தது.

டீ ஆற்றிக்கொண்டிருந்த லூர்தையாவுக்குப் பொறுக்கவில்லை. "கோவிச்சுக்கிடாதே தாயி. உங்க ஆளுவதான அடுத்தவன் நாட்டுக்குள்ள போயிக் குண்டு போட்டான். அங்க செத்தவங்கள யாரு எண்ணுதா?"

ஸோயா கோபித்துக்கொள்ளவில்லை. "அங்கேயும் எண்ணுறாங்க அண்ணாச்சி. அவங்க நோட்டும் முடியல. எங்க ஆளுங்க கொன்னவங்க பேர் அதுல இருக்கு. எனக்குத் தெரியும். நான் என் பக்கத்தை எண்ணுறேன், யாரும் இல்லன்னு பொய் சொல்லக் கூடாதுன்னு." லூர்தையா அந்த டீயை அவளுக்கே கொடுத்தார்.

அவளுடைய பிடிவாதம் ஒன்றுதான் பிரகாசிக்குப் பிடிபடவில்லை. ஆதாரம் கிடைக்காத முகங்களைக் கொண்டுவந்து எண்ணச் சொல்வாள், பூ எட்டென்று சொல்லிவிட்டால் எங்கே தேடுவது என்று தெரிந்துகொண்டு போய்த் தேடுவாள், ஆனால் பூ சொன்னதை மட்டும் வைத்து ஒரு பெயரும் எழுதமாட்டாள். பொய்யான பெயர் ஒன்று நுழைந்தால் நோட்டு முழுக்கப் பொய் என்பார்கள் என்பாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ஜாதி இது என்று பிரகாசி நினைத்துக்கொண்டாள். அவளுக்கு ஸோயாவை ரொம்பப் பிடித்திருந்தது.

பிடித்ததற்குக் காரணம் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முந்தைய புயலில் மிக்கேல்துறையிலிருந்து கடலுக்குப் போன பதினொரு பேர் திரும்பவில்லை, அவர்களில் ஒருவன் பிரகாசியின் புருஷன் கித்தேரியான். அப்போது அரசாங்கம் ஒரு எண்ணிக்கை சொன்னது, கோயிலில் வீடுவீடாகக் கேட்டு எழுதியது வேறாக இருந்தது, இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள் பெண்டாட்டிகளுக்கு மட்டும் செத்தார்கள். ரஷ்யக்காரிகள் வரத் தொடங்கிய பிறகு மற்றப் பத்துப் பேரின் பெண்டாட்டிகளும் ஒவ்வொருத்தியாக வந்து பிரகாசியை எண்ணச் சொன்னார்கள். ஒன்பது பேருக்கு எட்டாயிற்று. அவர்கள் பூசை வைத்து, உடலில்லாத சிலுவை நட்டு, அழுது முடித்து, அடுப்பைப் பற்றவைத்தார்கள். அமலோற்பவத்துக்கு மட்டும் ஏழு ஏழாகவே நின்றது. "உயிரோட இருக்கானாக்கும். அப்பம் ஏன் வீட்டுக்கு வரல," என்று அவள் அந்தப் பூவைத் தரையில் வீசிவிட்டுப் போனாள், ஒரு மாசம் பிரகாசியோடு பேசவில்லை.

பதினொருவரில் எண்ணப்படாதவன் கித்தேரியான் ஒருவன்தான். ஊருக்கே எண்ணிச் சொன்னவள் தன் புருஷனுக்கு எண்ணவில்லை. கழுத்தில் தாலி கிடந்தது, தலையில் நாலு கண்ணி பிச்சிப்பூ இருந்தது. ஏழு வருஷம் காணாமல் போனவனைச் செத்தவனாகக் கணக்கில் வைக்கலாம், கையெழுத்துப் போடு என்று கோயில் கணக்கப்பிள்ளை இரண்டு தடவை தாளோடு வந்தார். இரண்டு தடவையும் பேனா எழுதவில்லை என்று திருப்பி அனுப்பினாள். ஸோயா இதை ஒரு நாளும் கேட்டதில்லை, கேட்காமல் இருந்தது பிரகாசிக்கு ஆறுதலாக இருந்தது.

கேட்காததற்கு ஸோயாவிடமும் ஒரு காரணம் இருந்தது என்பது கார்த்திகை மாசத்தில்தான் வெளிப்பட்டது. தெருவில் ஆளில்லாத ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்து, தன் கைபேசியில் ஒரு படத்தைத் திறந்து, கொடுக்காமலே கொஞ்சநேரம் வைத்திருந்தாள். மீத்யா, அவளுடைய தம்பி, படைக்குப் போனவன், எட்டு மாசமாகத் தகவல் இல்லை. பிரகாசி அந்த முகத்தைப் பார்த்தாள், மேலுதட்டில் ஒரு தழும்பு, சைக்கிளிலிருந்து விழுந்ததாக இருக்கும். ஏழு எண்ணினாள், நார் சுற்றினாள், முடிச்சுப் போட்டாள். ஏழு இருந்தது. இருவரும் மாறி மாறி எண்ணினார்கள், எவ்வளவு எண்ணினாலும் ஏழுதான் இருந்தது.

ஸோயா சிரிக்கவில்லை, சுற்றிலும் பார்த்தாள். "அக்கா, யாருக்கும் சொல்லாதே. உயிரோட இருந்தா, ஓடிப் போயிருக்கான்னு அர்த்தம். ஓடினவனை அவங்க தேடுவாங்க. ஒளிச்சு வச்சவங்களையும் பிடிப்பாங்க. செத்தவனை யாரும் தேடமாட்டாங்க."

"அப்பம் உன் நோட்டுல அவன் பேரையும் எழுதிவிட்டுரு. செத்தான்னு நெனச்சுக்கிடட்டும்," என்றாள் பிரகாசி.

"முடியல அக்கா. ரெண்டு தடவை பேனாவை எடுத்தேன்," என்றாள் ஸோயா. பேனா எழுதாமல் போவதைப் பற்றிப் பிரகாசிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அந்த நேர்மைதான் வினையாயிற்று. ஊர் உலகத்துப் பெயரையெல்லாம் எழுதுகிறவள் தன் தம்பி பெயரை மட்டும் எழுதாமலிருக்கிறாளே என்று யாரோ ஒருவனுக்குக் கணக்கு உதைத்திருக்கிறது. மார்கழி பிறந்த வாரம், முற்பகல் பதினோரு மணிக்கு, கடைத்தெருவில் நல்ல கூட்டமிருக்கும்போது ஒரு வெள்ளைக் கார் வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றது. ரோமன் என்ற அதிகாரி இறங்கினான், எந்த அலுவலகத்து அதிகாரி என்று குடியிருப்பில் யாருக்கும் சரியாகத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லமாட்டார்கள். பின் கதவைத் திறந்து ஸோயாவையும் இறக்கினான். பூ விஷயம் அவன் காதுக்கும் எட்டியிருந்தது, அவன் அதை நம்பினான். அதைச் செய்கிறவர்களைவிடப் பிடிக்க வருகிறவர்களுக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை அதிகம்.

ஒரு படத்தைப் பலகைமேல் வைத்து அவன் ஏதோ சொல்ல, ஸோயா சொன்னாள்: "அக்கா, இவர் என் தம்பிக்குப் பூ கேக்கிறார். ஏழு. அவர் முன்னாடி எண்ணணும்." குரல் சீராக இருந்தது, பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிரகாசி படத்தைப் பார்த்தாள், மேலுதட்டுத் தழும்பு. இந்த முகத்தை வைத்து எண்ணினால் ஏழு ஏழாகவே நிற்கும், அந்தப் பையன் எந்தச் சமையலறைக்குப் பின்னால் பதுங்கியிருந்தாலும் இன்னும் ஒரு வாரத்தில் தேடிப் பிடிப்பார்கள். மறுத்தால் உயிரோடிருக்கிறான் என்று சொன்னதுபோலத்தான். வேறு முகம் வேண்டும், செத்த முகம் வேண்டும். அப்பா, அம்மா, மாமியார் எல்லோரையும் பெட்டிக்குள் பார்த்தாயிற்று, பூ அவர்களுக்கு அசையாது. ஸோயாவும் மற்றவர்களும் காட்டிய முகங்களையெல்லாம் எண்ணி முடித்தாயிற்று, பூ இரண்டாம் தடவை சொல்லாது. காணாமல் போய், எண்ணப்படாமல், அவள் மனதில் அச்சுக் குலையாமல் இருந்த முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கித்தேரியான் உயிரோடிருந்தால் பூ ஏழாக நின்று இந்தப் பையனைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பையன் பிழைக்க வேண்டுமென்றால் அவன் செத்திருக்க வேண்டும். ஏழு வருஷமாக ஏன் கேட்கவில்லை என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தெரிந்துபோயிற்று: பதில் அவளுக்குத் தெரியும். தெரிந்தும், பூ அதைச் சொல்லாதவரைக்கும் ஒவ்வொரு நாள் சாயந்தரமும் அவன் வரக்கூடியவனாக இருந்தான். அந்தச் சாயந்தரங்களைத்தான் இப்போது கொடுக்க வேண்டும்.

"மீத்யா," என்று வாய்விட்டுச் சொன்னாள். மனதுக்குள் கித்தேரியானை நிறுத்தினாள். புயலுக்கு முந்தின நாள், வலைக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, தலைக்குத் தேய்த்த எண்ணெய் நெற்றியில் வழிய, குழம்பில் புளி கூடிப்போச்சு என்று குறைசொல்லிக்கொண்டு வாசலில் நின்ற கித்தேரியானை நிறுத்தினாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஏழாவது காம்பை வைத்தாள். நாரை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி, இன்னொரு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டாள்.

ரோமன் வாங்கி அவன் பாஷையில் எண்ணினான், கட்டைத் திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை எண்ணினான். எட்டு இருந்தது. கைபேசியில் படம் பிடித்தான், ஒரு தாளில் ஏதோ கிறுக்கினான், கட்டைப் பலகைமேலேயே போட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தான். காரோட்டி, லூர்தையா கடையில் பாதி டீயில் இருந்தான், அதனால் ரோமன் கார்க்கதவில் சாய்ந்து கடையைப் பார்த்தபடி நின்றான்.

ஸோயா அந்த எட்டைப் பார்த்தாள். போன மாசம் ஏழாக இருந்த தம்பி. அவள் பலகையைப் பிடித்தபடியே சரிந்து மண்ணில் உட்கார்ந்து, ஊர்ப் பெண்கள் அழுவதுபோலவே வாய்விட்டு அழுதாள். பூ வாங்க நின்றிருந்தவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள்.

பிரகாசி வாளியில் தண்ணீர் தெளிக்கிறவள்போலக் குனிந்தாள். "மக்ளே, அது உன் தம்பி இல்ல. உன் தம்பி நல்லாருக்கான். நான் எங்க வீட்டு ஆள நெனச்சு எண்ணுனேன்."

ஸோயாவின் அழுகை நின்றது. நனைந்த முகத்தைத் தூக்கி, பிரகாசியையும் பலகைமேல் கிடந்த எட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நிறுத்தாத," என்றாள் பிரகாசி, கை தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தது. "அவன் இங்கதான் பாத்துட்டு நிக்கான். அழு. எனக்கு இப்பம் அழ முடியாது, அழுதா அவனுக்குச் சந்தேகம் வந்துரும். எனக்கும் சேத்து நீயே அழுதுரு மக்ளே."

ஸோயா அழுதாள். ஒரு தடவைகூடப் பார்த்திராத, பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல வராத ஒரு கடற்கரை மனிதனுக்காக, மண்ணில் கையை அறைந்துகொண்டு அழுதாள். பிரகாசி நிமிர்ந்து, காத்திருந்த பெண்ணிடம் எத்தனை முழம் என்று கேட்டாள், இரண்டு என்றதும் பிச்சிச் சரத்தை எடுத்து முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் அளந்தாள். காரோட்டி கிளாஸை வைத்துவிட்டுப் போனான், கதவுகள் சாத்தப்பட்டன, வெள்ளைக் கார் கோயிலைச் சுற்றித் திரும்பி ஊரைவிட்டுப் போயிற்று. கார் போய் வெகுநேரம் ஆன பின்னும் ஸோயா நிறுத்தவில்லை.